அவள் சொன்ன சொல் எது?

நாளை காலை நீங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தைக்குள் முதன்முறையாக இறங்கப் போகிறீர்கள். கையில் வினாநிரல் இருக்கும். நெஞ்சில் படபடப்பு இருக்கும். இரண்டும் வேண்டியவையே. மாதிரி எடுப்பது எவ்வாறு, விடைகளை வகைப்படுத்துவது எவ்வாறு என்பனவற்றைக் கற்பிக்க என்னினும் தேர்ந்தவர்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற என்னிடம் எஞ்சியிருப்பவை சில நண்பகல்களே. அவற்றுள் ஒன்றை இன்று சொல்லப் போகிறேன். அதை நினைக்கும்போதெல்லாம், இந்த அகவையிலும் என் கால்கள் நாற்காலிக்கடியில் தாமாகவே ஓடத் தொடங்கிவிடுகின்றன.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. யங்கோன் சந்தைப் பெண்களின் உடல்நலம், அவர்களுடைய பிழைப்பு, அவர்கள் சுமக்கும் நீர் ஆகியவற்றுக்கு இடையிலான உறவை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். ஆய்வின் வித்து இந்நகரில் முளைத்ததன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, அத்தகைய ஊர்களின் பெண்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அம்மையார் ஒருவர், அங்குத் தாம் உருவாக்கிய முறையை இங்குப் பொருத்திப் பார்க்க வந்திருந்தார். தம் பெயர் மேடைகளில் ஒலிப்பதை அவர் விரும்பியதில்லை. நாங்கள் அவரை ஏரிக்கரையார் என்போம். நானும் அப்படியே சொல்கிறேன்.

அவர் வந்த முதல் வாரத்தில் எங்களுக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை எப்படிச் சொல்வேன்! ஆயிரக்கணக்கான கல் தொலைவில், எங்கள் மொழியோ மதமோ அறியாத பெண்கள், எங்கள் பசுந்தாங் பேட்டைப் பெண்களைப் போலவே விடியுமுன் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைப் போலவே, "எனக்கென்ன நோய், நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறார்கள். அவர் பேசப் பேச, நாங்கள் எங்கள் தெருக்களை முதன்முதலாகப் பார்த்தோம்.

அவர் சொன்ன முதற்செய்தி மீனைப் பற்றியது. ஏரிக்கரையில் மீனைப் புகையூட்டி விற்கும் பெண்களிடம், "உங்களுக்கு இருமல் உண்டா?" என்று அவருடைய குழுவினர் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் இல்லை என்றார்களாம். இல்லை என்று சொல்லும்போதே இருமினார்களாம். அவ்வூரில் இருமல் என்னும் சொல் காசநோயைக் குறித்தது. அதை ஒப்புக்கொண்டவளிடம் எவரும் மீன் வாங்கமாட்டார்கள். "புகை நெஞ்சில் உட்காருகிறதா?" என்று மாற்றிக் கேட்டபோதோ, புகைக்கொட்டில் முழுவதும் தலையசைத்ததாம்.

"அன்றிலிருந்து என் குழுவுக்கு ஒரே கட்டளை," என்றார் அவர். "அவள் சொன்ன சொல்லை என்னிடம் கொண்டு வாருங்கள். பொருளை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்."

கட்டளையைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்தோம். மகிழ்வது எளிது.

எங்கள் குழுவில் மிக இளையவள் ரூத். வீட்டில் பர்மியம் பேசி, தேவாலயத்தில் தமிழ் கற்றவள். எவரிடமும் எளிதில் பழகிவிடுவாள். சந்தைப் பெண்கள் அவளுக்கு விலை சொல்லாமலே பழம் கொடுப்பார்கள். என் தமிழைக் கேலி செய்வதில் அவளுக்குத் தனி இன்பம். ஆசிரியையை இந்நகரில் சயாமா என்பார்கள் அல்லவா? "சயாமா வாயத் தொறந்தா எந்திரிச்சி நிக்கணும்போல இருக்கு. சங்கீதம் வாசிக்கிறாப்ல," என்பாள். "நீர்ப்பற்றாக்குறை" என்று நான் சொன்னால் "ஆமென்" என்பாள்.

திஞ்சான் நீர்விழா முடிந்த மறுவாரம். வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், தொடர்வண்டி நிலையத்தின் அருகிலிருந்த தேநீர்க்கடையில் ஏரிக்கரையாரும் ரூத்தும் நானும் குட்டை முக்காலிகளில் அமர்ந்திருந்தோம். காலையில் எடுத்த நேர்காணல்களைப் பற்றி அங்கேதான் பேசுவோம். ரூத் அன்று மிக்க மகிழ்ச்சியோடிருந்தாள்.

"வெத்தல விக்கிற பாக்கியம் அக்காகிட்ட பேசிட்டு வர்றேன் சயாமா. நம்ம ஆய்வுக்குன்னே பொறந்தவங்க மாதிரி. தண்ணிக்கு அவ்ளோ கஷ்டம். ரெண்டு மாசமா குளிக்கவே இல்லையாம்."

"பக்கத்தில் அமர முடிந்ததா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். தலையில மல்லி, கன்னத்துல தனாக்காச் சாந்து, நல்லா வாசமாத்தான் இருந்தாங்க. வெளிய தெரியக்கூடாதுன்னு பூசிக்கிறாங்க போல."

"உடல்நலம்?"

"அதுவும் அப்படியே பொருந்துது. தோள்ல வலியாம், மூட்ட தூக்குறாங்கல்ல. அடிவயித்துல ஒரு பக்கமா குத்துதாம். வெறும் வயித்தோட வேல பாத்தா குத்தாதா? காலையில கடையில கிறுகிறுன்னு வந்து அப்படியே சாஞ்சிட்டாங்களாம். இந்த வெயில்ல எனக்கே வருது."

ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரு காரணம், பொத்தானுக்குத் துளைபோலப் பொருந்தியிருந்தது. நான் அனைத்தையும் ஆங்கிலத்தில் ஏரிக்கரையாருக்கு எடுத்துரைத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சென்ற வாரம் இந்தத் தெருக்களில் நான் நடந்தேன். முன்பின் அறியாதவர்கள் என் தலையில் வாளி வாளியாகக் கொட்டினார்கள். காவலரை நனைத்தார்கள், துறவியர் போக வழிவிட்டுவிட்டு மீண்டும் என்னை நனைத்தார்கள். இந்த ஊரின் நடுச்சந்தையில் ஒரு பெண் இரண்டு மாதம் நனையாமல் இருந்தாள் என்கிறாள் இந்தப் பெண். எப்படி முடியும்?"

மொழிபெயர்த்தேன். ரூத் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஏரிக்கரையார் சிரிக்கவில்லை.

"அவள் சொன்ன சொல் எது?" என்றார்.

"ரூத், அவள் கூறியதை அவள் கூறியவாறே கூறு," என்றேன்.

"'ரெண்டு மாசமா முழுகல தங்கச்சி'ன்னாங்க. குரலத் தாழ்த்தி, வெக்கப்பட்டுக்கிட்டே. முழுக்குன்னா தலையோட தண்ணிக்குள்ள எறங்குறதுதான சயாமா? எனக்கு முழுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப போதகர் சொன்னாரே."

முக்காலி எனக்குப் பின்னால் உருண்டது. நான் எழுந்துவிட்டிருந்தேன்.

உங்களுள் வீட்டில் பர்மியம் பேசுவோர் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். மாதவிலக்கு முடிந்ததும் தலைக்கு நீராடுவது நம் பெண்களின் வழக்கம். அந்த நீராட்டு நேரவில்லை என்றால் விலக்கு வரவில்லை என்று பொருள். "முழுகாமல் இருக்கிறேன்" என்று ஒரு பெண் நாணத்தோடு சொன்னால், அவள் கருவுற்றிருக்கிறாள். நீரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஒரு சொல்லுக்கு அதன் பொருளைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை மீண்டும் படித்துப் பாருங்கள். இரண்டு மாதக் கரு. அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் குத்தல். மயக்கம். தோளில் வலி. நான் மருத்துவரல்லேன், ஆயினும் களத்திற்கு வருவோர்க்கெல்லாம் கற்பிக்கப்படும் அபாயக் குறிகளை அறிவேன். கரு, கருப்பையைச் சென்றடையாமல் குழாயிலேயே தங்கி வளர்ந்தால், குழாய் ஒரு நாள் கிழியும். வயிற்றுக்குள் கசியும் குருதி மேலேறி உதரவிதானத்தைத் தீண்டும்போது, வலி தோளில் தெரியும். அந்த நிலையில் ஒரு பெண்ணுக்கு மிஞ்சியிருக்கும் பொழுது மிகக் குறைவு.

"பாக்கியம் இப்போது எங்கே?"

"சந்தையில இல்ல சயாமா. எல எடுக்க மத்தியான ரயில்ல பெகுவுக்குப் போறேன்னாங்க."

நிலையத்தின் ஒலிபெருக்கி அந்நேரத்தில்தான் கரகரத்தது.

ஓடினோம். நான் இடுப்பில் சுற்றிய தமெயினை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுத்தர் குடும்பத்துப் பெண், அகவை ஐம்பதை எட்டியவள், செருப்பைத் தேநீர்க்கடையிலேயே விட்டுவிட்டாள் என்று பின்னர் பசுந்தாங் முழுவதும் பேசிக்கொண்டார்கள். நடைமேடை வாயிலில் பணியாளர் எங்களை உள்ளே விட்டார், ஏரிக்கரையாரை நிறுத்தினார். வெளிநாட்டவர் வேறு சாளரத்தில் சீட்டுப் பெறவேண்டும். நான் வாதாட வாயெடுத்தேன்.

"போங்கள்," என்றார் ஏரிக்கரையார். "எனக்கு இங்கே வேலை இருக்கிறது."

என்ன வேலை என்று கேட்க நேரமில்லை.

மூன்றாவது பெட்டியில் பாக்கியத்தைக் கண்டோம். வெற்றுக்கூடைகளுக்கு நடுவே தரையில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. உதடுகள் தனாக்கா பூசிய கன்னத்தைக் காட்டிலும் வெளுத்திருந்தன. அருகில் அவளுடைய சந்தைக் கூட்டாளி டோ மியா, பர்மியப் பெண், சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தெரிந்த முகங்கள், எல்லாம் வணிகப் பெண்கள்.

ரூத்தோடு என்னைக் கண்டதும் பாக்கியத்தின் கண்கள் சுருங்கின. குரலைத் தாழ்த்தினாள். "என்னா தங்கச்சி, அதுக்குள்ள ஊரக் கூட்டிட்டியா? மூணு மாசம் நெறயாம யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதான ஒங்கிட்ட மட்டும் சொன்னேன்."

திருமணமாகி நெடுங்காலம் காத்திருந்து கிடைத்த கரு அது. கணவனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. அயலாள் என்பதனால் மட்டுமே ரூத்திடம் சொல்லியிருந்தாள். அதை அப்பெட்டியில் நான் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அருகில் குந்தி, காதோடு பேசினேன். இறங்கவேண்டும், மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றேன்.

"எதுக்கு? வலி யாருக்குத்தான் இல்ல?" என்றாள். "இன்னைக்கு எல கொண்டாரலன்னா நாளைக்கு என் எடத்துல வேற ஒருத்தி உக்காந்துருவா. உக்காந்தவள எழுப்புறதா? எங்க சந்தையப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். வண்டி நிற்காது, நீங்கள் நில்லுங்கள். என்னிடம் இரண்டு வழிகள் இருந்தன. "குழந்தைக்காக வா" என்றால் அக்கணமே எழுந்துவந்திருப்பாள். ஆனால் அந்தக் குழந்தை பிழைக்கும் என்று நான் நம்பவில்லை. பொய்யைச் சொல்லி ஒருத்தியை அறுவை அரங்கின் வாயில்வரை கொண்டுபோய், அங்கே மெய்யைச் சொல்வதா? "உன் உயிருக்கு ஆபத்து" என்பது மெய்தான். ஆனால் சந்தையில் படித்தவர்கள் வந்து அச்சுறுத்தாத நாளே இல்லை. தண்ணீரைக் காய்ச்சாவிட்டால் உயிருக்கு ஆபத்து, கொசுவலை இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. அவள் சிரித்திருப்பாள்.

முதல் ஊதல் ஒலித்தது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கேள்வி கேட்பது. கேட்டேன். தூய தமிழெல்லாம் எங்கோ பறந்துபோய், என் பசுந்தாங் மாடிப்படிப் பேச்சுத்தான் வாயில் வந்தது.

"மூட்டைய எந்தத் தோள்ல போடுவே?"

"இதுல." இடத்தோளைத் தட்டினாள். பல்லாண்டுச் சுமையில் அங்கே தோல் காய்த்துப்போயிருந்தது.

"வலி எங்க?"

கை இடத்தோளிலிருந்து எழுந்தது. மெல்ல மார்பைக் கடந்தது. வலத்தோளின் நுனியில் போய் நின்றது. தன் கை நின்ற இடத்தை அவளே பார்த்தாள்.

"படுத்தா கொறயுதா?"

"படுத்தாத்தான் கூடுது," என்றாள். குரல் மாறியிருந்தது. "சொமக்காத தோள் ஏன் வலிக்குது?"

"உள்ள ரத்தம் போகுது பாக்கியம். அதான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "புள்ள?" என்றாள், உதடு மட்டும் அசைய.

"தெரியாது. நீ பொழைக்கணும். அதான் எனக்குத் தெரிஞ்சது."

டோ மியாவுக்குத் தமிழ் அரைகுறையே. ஆயினும் அந்தக் கை கடந்த வழியை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டை எறிந்துவிட்டு எழுந்து, பாக்கியத்தின் கையிடுக்கில் தன் கையைக் கொடுத்தாள். "இறங்கு," என்றாள் பர்மியத்தில். "உன் இடத்தில் என் கூடையைப் பரப்பி வைப்பேன். எவளாவது வந்து உட்காரட்டும், அப்புறம் அவள் எழுந்து நடக்கிறாளா பார்ப்போம்."

நாங்கள் மூவருமாகப் பாக்கியத்தை இறக்கியபோது வண்டி நகரத் தொடங்கிவிட்டது. டோ மியா ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அவள் ஒருத்தியே இலை எடுத்தாக வேண்டும். சில அடிகளில் பாக்கியத்தின் கால்கள் மடிந்தன. அவளைத் தாங்கியபடி தலைநிமிர்ந்தேன். எதிரே என்ன கண்டேன் தெரியுமா? எங்களை நோக்கி உருண்டு வந்தது மூட்டை ஏற்றும் தள்ளுவண்டி. ஒரு புறம் வாயிற் பணியாளர், மறுபுறம் ஏரிக்கரையார். சரக்கு வாயில் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் நீலநிறக் குட்டி டாக்சி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"நடக்கமுடியாத ஒருத்தியோடுதான் நீங்கள் திரும்புவீர்கள் என்று தெரியும்," என்றார் ஏரிக்கரையார். மொழி தெரியாத ஊரில், ஒரு சொல்லும் பகிராத மனிதரிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்டார் என்பதை இன்றுவரை நான் முழுதாக அறியேன். பின்னர் நான் கேட்டபோது, தாம் ஒரு முறை தரையில் படுத்துக் காட்டியதாகச் சொன்னார்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் பர்மியத்தில் விரைவாக வினவினார். கடைசி மாதவிலக்கு எப்போது? பாக்கியம் அரைமயக்கத்தில் இருந்தாள். சந்தையில் சரளமாகப் பேசும் பர்மியம் முழுவதும் அவளை விட்டுப் போயிருந்தது. நான் வாய் திறக்குமுன் ரூத் அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, கடைசியா எப்ப முழுகுனீங்க?"

பாக்கியத்தின் இமைகள் அசைந்தன. "மாசி மகத்துக்கு மறுநாள்."

ரூத் நிமிர்ந்து அதைப் பர்மியத்தில் சொன்னாள். மருத்துவர் அறுவை அரங்கை நோக்கிக் கைகாட்டினார். சக்கரக்கட்டில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று.

குழாய் கிழிந்திருந்தது. கருவைக் காக்க வழியே இருந்திருக்கவில்லை. பாக்கியம் பிழைத்தாள். "வண்டி பாதி வழி போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டார்," என்றார் மருத்துவர். மிங்கலாடோனில் வேலை செய்துகொண்டிருந்த கணவன் வந்து சேர்ந்தபோது, அவன் அறியாமலே இருந்த ஒரு செய்தியையும் அதன் முடிவையும் ஒன்றாகக் கேட்டான். அவன் மனைவியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் நீண்ட நேரம் பார்க்கவில்லை, அது எங்களுக்குரியதன்று.

மருத்துவமனைப் படிக்கட்டில் ரூத் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தாள். "நான் தப்பா வெளங்கிக்கிட்டேன் சயாமா. எவ்வளவு சந்தோசமா வந்து சொன்னேன்."

ஏரிக்கரையார் அவளருகே அமர்ந்தார். அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதே அது எனக்கும் சொல்லப்பட்டதென உணர்ந்தேன். "பொருளைத் தவறாக எடுத்தாய். ஆனால் சொல்லை நீ தொலைக்கவில்லை. 'குளிக்கவில்லை' என்று மட்டும் நினைவில் வைத்திருந்தால், நாம் இன்னும் அந்தக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்போம். அவள் குரலைத் தாழ்த்தியதையும் வெட்கப்பட்டதையும்கூடக் கொண்டுவந்தாயே. குளிக்காததற்கு யாராவது அப்படி வெட்கப்படுவார்களா?"

இதைத்தான் உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். நீங்கள் தேடும் காரணத்தோடு ஒருத்தியின் துன்பம் மிக அழகாகப் பொருந்தும்போது அஞ்சுங்கள். வறட்சியை ஆராய்வோர்க்கு எல்லாம் வறட்சியாகத் தோன்றும். சுமையை ஆராய்வோர்க்கு எல்லாத் தோள்வலியும் சுமையாகத் தோன்றும். அப்போது திரும்பிப் போய், அவள் வாயிலிருந்து வந்த சொல்லை மட்டும் எடுத்துவைத்துப் பாருங்கள். அவள் எந்தத் தோளில் சுமக்கிறாள் என்பதையும் கேளுங்கள்.

அடுத்த கோடையில் அதே பெண்களிடம் அதே வினாக்களோடு மீண்டும் சென்றோம். ஏரிக்கரையார் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார். பாக்கியத்தின் இடத்தில் பாக்கியமே அமர்ந்திருந்தாள். அருகில் டோ மியாவின் கூடை, தேவைக்கு மேல் சற்று அகலமாகவே பரவிக் கிடந்தது. ரூத் எதிரில் குந்தி, முறைப்படி தொடங்கினாள். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"தெனமும் குளிக்கத் தண்ணி கெடைக்குதாக்கா?"

பாக்கியம் இலையில் நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தலைநிமிராமலே சொன்னாள்.

"குளிக்கிறேன். முழுகல."

ரூத்தின் கை அப்படியே நின்றது. வாழ்த்துச் சொல்வாள், கட்டிக்கொள்வாள் என்று எண்ணினேன். ரூத் வினாநிரலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பெருமைக்குரிய கேள்வியைக் கேட்டாள்.

"வலி எதாவது இருக்கா?"

"இல்ல."

"மயக்கம்?"

"இல்ல. ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்தாச்சி. இருக்கவேண்டிய எடத்துலதான் இருக்காம்."

"தோள்ல?"

பாக்கியம் இப்போது நிமிர்ந்து, டோ மியாவைக் கண்ணால் காட்டிச் சிரித்தாள்.

"ரெண்டு தோள்லயும் இல்ல தங்கச்சி. மூட்டைய அவதான தூக்குறா."